பூப்பந்துத் தளத்தில் ஓர் அடிமைக் கப்பல்: அமர்வு நடத்துவோருக்கான வழிகாட்டி

பினாங்கில் ஒரு வாசகர் வட்டமோ இடைநிலைப்பள்ளித் தமிழ்க் கழகமோ அட்லாண்டிக் அடிமை வணிகத்தைப் பற்றி மூன்று மணி நேர அமர்வு நடத்த நினைத்தால், எதை எந்த வரிசையில் செய்வது, எங்கே சறுக்கும் என்பதைச் சொல்லும் குறிப்பு இது. பூப்பந்துத் (பேட்மிண்டன்) தளக் கோடு போட்ட ஒரு மண்டபம், இணையத்தோடு ஒரு மடிக்கணினி, புரொஜெக்டர், அளவு நாடா, 20 மீட்டர் மாஸ்கிங் டேப் இரண்டு சுருள், துளையிட்ட சோழி ஆயிரம், இரண்டு முழம் நீலப் பருத்தித் துணி. இவ்வளவு போதும். ஆட்கள் இருபத்தைந்துக்கு மேல் வேண்டாம்; கூடினால் பின்வரிசை புலனத்துக்குள் (வாட்ஸ்அப்) போய்விடும்.

முதல் தவறு திட்டமிடும்போதே நடக்கும். 1501 முதல் 1866 வரை உள்ள முழு வரலாற்றையும் ஒரே பிற்பகலில் சொல்லிவிட ஆசை வரும். பேச்சாளர் ஐம்பது படவில்லைகளோடு வருவார், நாற்பதாவது படத்தில் நேரம் முடிந்துவிடும். ஒரு கப்பலை எடுங்கள், அதன் கணக்கை மட்டும் படியுங்கள். மற்றதெல்லாம் அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளத் தேவைப்படும் அளவுக்கு வந்தால் போதும்.

கப்பலைத் தேடுவது

ஸ்லேவ் வாயேஜஸ் என்ற இணையத் தரவுத்தளத்தை எல்லாரும் இலவசமாகப் பார்க்கலாம். 1999இல் குறுவட்டாக வந்தது, 2008இல் இணையத்துக்கு ஏறியது. அட்லாண்டிக்கைக் கடந்த 36,000க்கும் மேற்பட்ட பயணங்கள் அதில் தனித்தனிப் பதிவுகளாக இருக்கின்றன: கப்பலின் பெயர், கொடி, உரிமையாளர், கேப்டன், புறப்பட்ட துறை, ஆட்களை ஏற்றிய கரை, இறக்கிய துறை, ஏறியவர் எத்தனை, இறங்கியவர் எத்தனை, பயணம் எப்படி முடிந்தது.

உள்ளே நுழைந்ததும் இரண்டு வாசல்கள் இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று, ஆவணம் கிடைத்த பயணங்களின் பட்டியல். மற்றது மதிப்பீடு. பட்டியலில் உள்ள எண்களை நீங்களே கூட்டினால் மதிப்பீட்டைவிடக் குறைவாகத்தான் வரும், ஏனென்றால் எத்தனையோ பயணங்களுக்கு ஒரு தாள்கூட மிஞ்சவில்லை. அந்த இடைவெளியை ஆய்வாளர்கள் கணித்து நிரப்பியதுதான் மதிப்பீடு. ஏறியவர்கள் சுமார் 1 கோடியே 25 இலட்சம், உயிரோடு இறங்கியவர்கள் சுமார் 1 கோடியே 7 இலட்சம். நடுவில் காணாமற்போன 18 இலட்சம் பேர் கடலில் இறந்தவர்கள். சுவரொட்டியில் எந்த எண்ணைப் போட்டாலும் 'ஏறியவர்', 'இறங்கியவர்' என்ற சொல் பக்கத்தில் இருக்கட்டும். சமூக ஊடகங்களில் நடக்கும் சண்டையில் பாதி, ஒருவர் முதல் எண்ணையும் இன்னொருவர் இரண்டாவது எண்ணையும் பிடித்துக்கொண்டு நிற்பதால் வருவது.

நம் ஊருக்கே உரிய இன்னொரு சிக்கல்: படிவம் ஐந்து மாணவர்கள் எண்ணைப் பள்ளியில் 'ஜூத்தா'வில் (மலாயில் மில்லியன்) படிக்கிறார்கள், நம் பெரியவர்கள் இலட்சம் கோடியில் பேசுகிறார்கள். ஒரு மில்லியன் பத்து இலட்சம் என்பதை நடுவில் யாராவது தவறவிட்டால் ஒரு சுழி கூடும் அல்லது குறையும். சுவரில் இரண்டையும் எழுதுங்கள்: 12.5 மில்லியன், 1 கோடியே 25 இலட்சம்.

பதிவை விரிதாளில் இறக்கிப் பார்ப்பவர்களுக்கு மூன்று எச்சரிக்கைகள். ஒன்று, வெற்றுக் கட்டம் சுழியம் ஆகாது. மூன்று கப்பல்களில் 300, 400 என்று இரண்டுக்கு மட்டும் எண் இருந்தால் சராசரி 350. வெற்றுக் கட்டத்தில் யாராவது 0 என்று நிரப்பிவிட்டால் அது 233 ஆகிவிடும். இரண்டு, ஆவணத்தில் உள்ள எண்ணுக்கு ஒரு கட்டமும், ஆய்வாளர் கணித்து நிரப்பிய எண்ணுக்கு வேறு கட்டமும் உண்டு. ஆண்டுக்கும் அப்படியே. கணித்த எண்ணைக் காட்டினால் அது கணித்தது என்று சொல்லிவிடுங்கள். மூன்று, ஒரே பெயரில் பல கப்பல்கள் உண்டு, ஒரே கப்பல் பலமுறையும் போயிருக்கும். பெயரை நம்பாமல் பயண எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்துக்கூட்டல் மாறுவதால் புரூக்ஸ் என்ற கப்பலை இரண்டு மூன்று விதமாகத் தேட வேண்டியிருக்கும். கொடியையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. பிரிட்டன் 1807இல் இந்த வணிகத்தைத் தடை செய்து கடலில் சோதனை போடத் தொடங்கியபின், பிடிபடாமல் இருக்க வேறொரு நாட்டுக் கொடியை ஏற்றிக்கொண்டு ஓடிய கப்பல்கள் ஏராளம்.

வரைபடம் காட்டும்போது பாடநூலில் வரும் முக்கோணத்தை மட்டும் காட்டாதீர்கள். ஐரோப்பாவிலிருந்து சரக்கு ஆப்பிரிக்காவுக்கு, ஆட்கள் அமெரிக்காவுக்கு, சர்க்கரை ஐரோப்பாவுக்கு என்பது இங்கிலாந்தின் லிவர்பூலுக்கும் பிரான்சின் நாந்துக்கும் பொருந்தும். ஆனால் எல்லா நாடுகளையும்விட அதிகம் பேரை இறக்கியது பிரேசில், சுமார் 48 இலட்சம். அங்கே பெரும்பகுதி வணிகம் பிரேசில் துறைமுகங்களுக்கும் அங்கோலா, பெனின் கரைகளுக்கும் இடையே நேராகப் போய் நேராக வந்தது. புகையிலையும் கரும்புச் சாராயமும் போயின, மனிதர்கள் வந்தார்கள். இன்றைய அமெரிக்க ஐக்கிய நாடுகள் இருக்கும் நிலத்துக்கு ஆப்பிரிக்காவிலிருந்து நேராக வந்தவர்கள் 4 இலட்சத்துக்கும் குறைவு. திரைப்படம் பார்த்து வளர்ந்த கூட்டம் இதை முதலில் நம்பாது. தரவுத்தளத்தைத் திறந்து அவர்கள் கண்முன்னே தேடிக் காட்டுங்கள்.

தளத்தில் அளப்பது

இந்த அமர்வுக்கு எடுக்கும் கப்பல் புரூக்ஸ். அது லிவர்பூல் கப்பல். அடிமை வணிக எதிர்ப்பாளர்கள் 1788இல் அச்சிட்ட அதன் குறுக்குவெட்டுப் படத்தை எல்லாரும் எங்கேயாவது பார்த்திருப்பார்கள்: மத்திச் சாளை அடுக்கியதுபோல் வரிசை வரிசையாகக் கரிய உருவங்கள். அந்தப் படத்துக்குப் பெரும்பாலோர் போடும் விளக்கம் தவறு. '454 பேர் இப்படி ஏற்றிச் செல்லப்பட்டார்கள்' என்று எழுதுவார்கள். 454 என்பது சட்டம் அனுமதித்த உச்சவரம்பு.

அந்த ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டோல்பென் சட்டம், கப்பலின் முதல் 201 டன்னுக்கு மூன்று டன்னுக்கு ஐந்து பேர், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு டன்னுக்கும் ஒருவர் என்று வரம்பு கட்டியது. புரூக்ஸின் அளவு 320 டன். 201ஐ மூன்றால் வகுத்து ஐந்தால் பெருக்கினால் 335. மிச்சம் 119 டன்னுக்கு 119 பேர். கூட்டினால் 454. இந்தக் கணக்கை வெண்பலகையில் மாணவர் ஒருவரையே போடச் சொல்லுங்கள். பிறகு, சட்டம் வருவதற்கு முன் அதே கப்பல் ஒரு பயணத்தில் ஏற்றிய ஆட்களின் கணக்கை எழுதுங்கள்: ஆண்கள் 351, பெண்கள் 127, சிறுவர் 90, சிறுமியர் 41. மொத்தம் 609. படத்தில் இடமே இல்லாமல் தெரிகிறதே, அதுதான் சீர்திருத்தத்துக்குப் பிந்தைய நிலை.

இப்போது அளவு நாடா. படம் வரைந்தவர்கள் ஓர் ஆணுக்கு ஒதுக்கிய இடம் 6 அடி நீளம், 16 அங்குல அகலம். பெண்ணுக்கு 5 அடி 10 அங்குலம், அதே அகலம். சிறுவனுக்கு 5 அடி, 14 அங்குலம். சிறுமிக்கு நாலரை அடி, 12 அங்குலம். இரட்டையர் பூப்பந்துத் தளம் 44 அடி நீளம், 20 அடி அகலம். குறுக்கே 20 அடி என்றால் 240 அங்குலம், 16ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 15. நெடுக்கே 44 அடியில் ஆறடி வரிசை ஏழு போகும், இரண்டு அடி மிஞ்சும். ஆக ஒரு தளத்தில் 105 ஆண்கள். இரட்டையர் ஆடும்போது நான்கு பேர் நிற்கிற இடம்.

105 கட்டத்தையும் டேப்பில் போட நினைத்தால் 220 மீட்டருக்கு மேல் தேவைப்படும், ஒரு காலைப்பொழுதே போய்விடும். ஒரே ஒரு வரிசை போடுங்கள். தளத்தின் பின்கோடும் இரு பக்கக் கோடுகளும் ஏற்கெனவே இருப்பதால், நடுவில் ஆறடி நீளத்தில் 14 கோடுகளும் முன்னால் 20 அடியில் ஒரு கோடும் போதும். 104 அடி, ஏறக்குறைய 32 மீட்டர். இரண்டு சுருள் வாங்கச் சொன்னது இதற்காகத்தான். அகலத்தை 40 சென்டிமீட்டர் என்று முழுதாக்கிவிடாதீர்கள். கடைசிக் கட்டம் பத்து சென்டிமீட்டர் வீங்கி நிற்கும். 40.6 என்று ஒரு அட்டையை வெட்டி வைத்துக்கொண்டு அதை நகர்த்தி நகர்த்திக் குறியிட்டால் சரியாக வரும்.

உயரத்தையும் காட்ட வேண்டும். தளங்களுக்கு இடையே 5 அடி 8 அங்குலம். நடுவே பலகைத் தட்டு அடித்து ஆட்களை இரண்டு அடுக்காகக் கிடத்தியதால் தலைக்கு மேல் 2 அடி 7 அங்குலம்தான் எஞ்சியது. கோப்பிக்கடை மேசையின் உயரத்தைவிட ஓரிரு அங்குலம் கூடுதல். மண்டபத்தில் உள்ள மேசை ஒன்றை வரிசையின் மேல் நிறுத்தி வைத்தால் விளக்கவுரை தேவைப்படாது.

ஆனால் யாரையும் அந்தக் கட்டத்தில் படுக்கச் சொல்லாதீர்கள். கையைக் கட்டுவது, விளக்கை அணைப்பது, சங்கிலி ஓசையை ஒலிக்கவிடுவது எதுவும் வேண்டாம். உணர்ச்சி வரட்டும் என்று செய்வார்கள். வருவது சிரிப்பும் செல்ஃபியும். பத்து நிமிடம் படுத்து எழுந்தவருக்குத் தனக்கு அது புரிந்துவிட்டதாக ஒரு நினைப்பும் வந்துவிடும். வெறும் கட்டமே போதும். அதைச் சுற்றி நின்றபடி, பெருங்கடலைக் கடக்கப் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆனதையும், இரத்தபேதியும் பெரியம்மையும் தண்ணீர்ப் பஞ்சமும் ஆட்களைக் கொன்றதையும் சொல்லுங்கள். மறக்காமல் சொல்ல வேண்டிய இன்னொன்று: ஏறத்தாழ பத்துப் பயணத்துக்கு ஒன்றில் கலகம் நடந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். அதற்குப் பயந்துதான் கூடுதல் மாலுமி, கூடுதல் துப்பாக்கி, மேல்தளத்தில் தடுப்புச் சுவர் என்று கப்பல்காரர்கள் செலவு செய்தார்கள்.

காப்பீட்டுத் தாள்

கணக்கேடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஸோங் கப்பல் ஒன்று போதும், இருபது நிமிடம் ஒதுக்குங்கள். டச்சுக்காரர்களிடமிருந்து பிடிக்கப்பட்ட கப்பல் அது; பழைய பெயர் ஸோர்க், டச்சில் 'அக்கறை' என்று பொருள். 1781இல் 442 பேரை ஏற்றிக்கொண்டு ஜமைக்காவுக்குப் போகும் வழியில், குடிநீர் போதாது என்று காரணம் காட்டி, நவம்பர் 29 தொடங்கிச் சில நாட்களில் 130க்கும் மேற்பட்டவர்களை உயிரோடு கடலில் தள்ளினார்கள். ஜமைக்காவில் இறங்கியவர் 208. நோயில் இறந்தால் காப்பீடு கிடையாது. கப்பலைக் காக்கச் சரக்கைக் கடலில் எறிந்தால் உண்டு. தலைக்கு 30 பவுண்டு கேட்டு உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 1783இல் நடுவர் குழு அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. மேல்விசாரணையில் தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். செய்தியை எதிர்ப்பாளர் கிரான்வில் ஷார்ப்பிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒலாடா எக்வியானோ. கொலைக்காக ஒருவரும் கூண்டில் ஏறவில்லை. வழக்கு முழுவதும் காப்பீட்டு வழக்குதான். பதிவில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் இப்படிச் சரக்கு எண்ணியவன் கையால் எழுதியது என்பதை இந்த இடத்தில் சொன்னால் கூட்டத்துக்கு ஏறும்.

பெயர்கள் வேண்டுமென்று யாராவது கேட்பார்கள். 1807க்குப் பிறகு கடலில் பிடிபட்ட கப்பல்களிலிருந்து மீட்கப்பட்டு, ஃப்ரீடவுனிலும் ஹவானாவிலும் பதிவானவர்கள் 90,000க்கும் மேல். பெயர், வயது, உயரம் எல்லாம் உண்டு. இரண்டு மூன்று பெயரை உரக்க வாசித்துவிட்டுத் தாண்டுங்கள்.

சோழியும் நீலத் துணியும்

நம் கூட்டத்துக்கு இந்தப் பகுதிதான் முக்கியம், ஆனால் பெரும்பாலான ஏற்பாட்டாளர்கள் விட்டுவிடுவதும் இதைத்தான். தமிழர்கள் கூடிய மண்டபத்தில் அடிமை வரலாறு பேசினால் அரை மணி நேரத்தில் யாராவது எழுந்து 'நம்ம தாத்தாவும் இப்படித்தானே வந்தார்' என்பார். அந்தக் கேள்வி வருவதற்கு முன் மேசையில் துணியையும் சோழியையும் வைத்துவிடுங்கள்.

ஆப்பிரிக்கக் கரையில் ஆட்களுக்கு விலையாகக் காசு கொடுத்தது குறைவு; பல பொருட்கள் சேர்ந்த ஒரு தொகுப்பு கொடுத்தார்கள்: துப்பாக்கி, வெடிமருந்து, இரும்புப் பாளம், சாராயம், துணி. அந்தத் துணியில் பெரும்பங்கு இந்தியத் துணி. சோழமண்டலக் கரையில் நெய்து அவுரியில் தோய்த்த நீலப் பருத்திக்கு வணிகர்கள் வைத்த பெயரே 'கினி துணி'. புதுச்சேரியிலிருந்து பிரான்சுக்குப் போய் அங்கிருந்து செனகல் கரைக்குப் போனது. ஆங்கிலேயர் இந்தியத் துணியை லண்டன் ஏலத்தில் எடுத்து லிவர்பூல் கப்பல்களில் ஏற்றினார்கள். மான்செஸ்டர் போலிகளின் சாயம் நிற்காததால் ஆப்பிரிக்க வணிகர்கள் பார்த்ததுமே தள்ளிவிட்டதுண்டு. நெய்தவருக்கும் தோய்த்தவருக்கும் அது எங்கே போகிறது என்று தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் துணி போனது, அதற்கு ஈடாக ஆள் வந்தார்.

சோழி மாலத்தீவிலிருந்து வந்தது. கப்பலின் அடிப்பாரமாக ஐரோப்பாவுக்குப் போய், மறுபடி பெனின் வளைகுடாவுக்குப் போய், அங்கே பணமாகப் புழங்கியது. 40 சோழி ஒரு கோவை. ஐந்து கோவை 200. அப்படி இருபது சேர்ந்தால் 4,000, பெரிய கணக்கின் அலகு அதுதான். ஆளுக்கு 40 சோழியும் நூலும் கொடுத்துக் கோக்கச் சொல்லுங்கள்; பதினைந்து நிமிடம் ஆகும். இருபத்தைந்து பேர் கோத்தால் ஆயிரம், அதாவது அந்த அலகில் கால்பங்கு. துளையிட்ட சோழியாகப் பார்த்து வாங்குங்கள். லிட்டில் இந்தியாவில் பூசைச் சாமான் கடைகளில் கேட்டால், தாயம் ஆடும் துளையில்லாச் சோழியை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

சஞ்சிக் கூலி கேள்வி

'தாத்தாவும் இப்படித்தானே வந்தார்' என்ற கேள்வி எப்படியும் வரும். மழுப்பாமல் இரண்டு பத்தி வரைந்து பதில் சொல்லுங்கள். அடிமைமுறையில் ஆள் இன்னொருவரின் சொத்து; கெடு கிடையாது; தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை; விற்கலாம், அடகு வைக்கலாம். நம் தாத்தாக்கள் வந்த சஞ்சி என்ற ஒப்பந்தக் கூலி முறையில் ஒப்பந்தம் உண்டு, ஆண்டுக் கணக்கு உண்டு, கூலி உண்டு, பிள்ளை சுதந்திரப் பிறவி. அதே மூச்சில் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: முன்பணக் கடன், வேலையை விட்டு ஓடினால் சிறை, செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களில் காய்ச்சலுக்கு மாண்டவர்கள். சஞ்சிமுறை கொடியது என்று சொல்ல அதை அடிமைமுறை என்று அழைக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இரண்டுக்கும் நேர்த் தொடர்பு இருக்கிறது. ஆண்டுகளை வரிசையாக எழுதினால் போதும். 1834 ஆகஸ்டு 1இல் பிரிட்டிஷ் பேரரசின் அடிமை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. இழப்பீடாக 2 கோடி பவுண்டு, அடிமைகளுக்கு அல்ல, உடைமையாளர்களுக்கு. அதே 1834இல் மொரிஷியஸுக்கு இந்திய ஒப்பந்தக் கூலிகள் வந்து இறங்குகிறார்கள். 1838இல் பிரிட்டிஷ் கயானாவுக்கு. மலாயாவில் ஒப்பந்தமுறை 1910இல் நிற்கிறது. கங்காணி முறை அதற்குப் பிறகும் தொடர்கிறது. காலி செய்யப்பட்ட இடத்துக்கு யாரைக் கொண்டுவந்தார்கள் என்பது இந்த வரிசையிலேயே தெரியும்.

பினாங்கைப் பற்றி ஒரு திருத்தம். 1834இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்குப் பொருந்தாது என்று விலக்கு இருந்தது. அப்போது பினாங்கு கம்பெனியின் கையில். கம்பெனிப் பகுதிகளுக்கான சட்டம் 1843இல்தான் வந்தது. ஆரம்பகாலப் பினாங்கிலும் அடிமைகள் இருந்தார்கள். கடலுக்கு அக்கரையில் சுமத்ராவின் பென்கூலனில் கம்பெனியே மடகாஸ்கரிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து வேலை வாங்கியது. கம்பெனிக்குச் சொந்தமாயிருந்த அந்த ஆப்பிரிக்க வழியினரை 1818இல் அங்கே துணைநிலை ஆளுநராயிருந்த ராஃபிள்ஸ் விடுவித்தார். தமிழர்கள் சட்டப்படியே அடிமைகளாய் விற்கப்பட்ட வரலாறு வேண்டுமென்றால் பதினேழாம் நூற்றாண்டுக்குப் போக வேண்டும். பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில் டச்சுக்காரர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோரை வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) அனுப்பினார்கள். அது தனி அமர்வு.

இன்னும் இரண்டு கேள்விகளுக்குத் தயாராக இருங்கள். 'ஆப்பிரிக்கர்களே விற்றார்களே?' ஆம், டஹோமி போன்ற அரசுகள் போரில் பிடித்தவர்களை விற்றன. அவர்கள் தங்களை ஒரே இனமாக நினைக்கவில்லை. பக்கத்து நாட்டு எதிரியை விற்றார்கள். வாங்குவதற்குக் கப்பலும் கடனும் கோட்டையும் தயாராக நின்றதால் போரும் பெருகியது. 'அரபுக்காரர்களும் செய்தார்களே?' அதுவும் ஆம். சான்சிபார் அடிமைச் சந்தை 1873இல்தான் மூடப்பட்டது. இந்தக் கேள்வி சில சமயம் மதச் சண்டைக்காகவே கேட்கப்படும். ஆண்டைச் சொல்லி, இன்றைய கப்பல் அட்லாண்டிக் கப்பல் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

சொற்களில் கவனம் தேவை. பழைய தமிழ் நூல்களில் வரும் 'காப்பிரி', 'நீக்ரோ' இரண்டும் மேற்கோளைத் தவிர வேறெங்கும் வேண்டாம். 'அடிமை' என்ற சொல்லில் நமக்குப் பக்தியின் சாயலும் பண்ணையாளின் சாயலும் கலந்து கிடக்கின்றன. எனவே முதல் முறை சொல்லும்போது 'அடிமையாக்கப்பட்டவர்' என்று சொல்லுங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் அதை நீட்டிக்கொண்டிருந்தால் பேச்சு நகராது.

டேப்பை அன்றைக்கே உரித்துவிட வேண்டும். மரத்தளமானால் ஒருநாள் விட்டாலும் பசை ஏறி வார்னிஷோடு வரும். தரையோடு ஒட்டி, மெதுவாகப் பின்னோக்கி இழுங்கள். சிமென்டுத் தளமானால் டேப்பே வேண்டாம், சாக்குக்கட்டி போதும். ஏழு மணிக்குப் பூப்பந்து ஆட முன்பதிவு செய்தவர்கள் வந்து நிற்பார்கள். ஆறரைக்கு மேசையை எடுத்துவிடுங்கள்.